கை விறைக்கச் சில எளிய வழிகள்

குல்மார்க்கில் பனியில் சறுக்கப் போகிறீர்களா? விமான டிக்கெட், ஓட்டல், போட்டோவுக்கென்று ஒரு சிவப்புத் தொப்பி எல்லாம் வாங்கி முடித்து, மிச்சமுள்ள 300 ரூபாயில் கையுறை வாங்குங்கள்.

ஊட்டியில் எடுத்த கம்பளிக் கையுறை பீரோவில் கிடந்தால் அந்தச் செலவும் மிச்சம். முதல் தடவை விழும்போது அது பனியை அப்பிக்கொள்ளும். இரண்டாம் தடவைக்குள் பனி உருகி நூலெல்லாம் ஊறியிருக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்பது மூன்றாம் தடவையில் புரிந்துவிடும். ஸ்னோபோர்டு பழகுபவர்களுக்கு இந்த ஞானம் இன்னும் சீக்கிரம் வரும். முதல் நாள் முழுக்க அவர்கள் சறுக்குவதைவிடக் கையூன்றி எழுவதுதான் அதிகம்.

கடைக்காரர் மிட்டன் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நாலு விரலும் ஒரே கூட்டுக்குடும்பமாகச் சூட்டைப் பகிர்ந்துகொள்வதாவது! தனிக்குடித்தனம்தான் கௌரவம். அதுவும் இறுக்கமாக இருக்கட்டும். ரத்தம் விரல் நுனி வரை போய் என்ன செய்யப்போகிறது?

உள்ளே கோர்-டெக்ஸ் மாதிரி சவ்வு உண்டா என்றும் கேட்காதீர்கள். 1969-ல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லானை வெடுக்கென்று இழுத்ததில் பிறந்த சரக்கு அது. வியர்வை ஆவியை வெளியே விடும், நீர்த்துளியை உள்ளே விடாது. விலையைக் கேட்டால் கடையிலேயே வியர்க்கும். மணிக்கட்டில் மாட்டும் கயிறும் வேண்டாம். சேர் லிஃப்டில் செல்ஃபி எடுக்கும்போது ஒரு கையுறை கீழே போகவேண்டாமா?

ஒன்றை மட்டும் நிஜமாகவே பாருங்கள்: கட்டைவிரலின் முதுகில் மெத்தென்று ஒரு துணி. கண்ணாடி துடைக்க என்பார்கள். மூக்குக்குத்தான். அந்தக் குளிரில் அது எப்போது ஒழுகுகிறது என்றே தெரியாது.

சாயங்காலம் ஈரக் கையை வெடுக்கென்று உருவுங்கள். உள்துணியும் விரலோடு வெளியே வந்துவிடும். அப்படியே அறையிலுள்ள புகாரி அடுப்பின் மேல் காயப்போடுங்கள். தோல் கையுறையென்றால் விடிவதற்குள் அப்பளமாகியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது: காலையில் உள்துணியைப் பேனாவால் குத்திக் குத்தித் திரும்ப உள்ளே தள்ளினேன். மோதிர விரலின் அறை மட்டும் அகப்படவில்லை. அன்று முழுக்க ஐந்து விரல்களும் நாலு அறைகளில் குடியிருந்தன.