ஃபார்மட் அண்ணன்

சமயநல்லூர் மெயின் ரோட்டில், ஜெராக்ஸ் மிஷினுக்கும் காதணி விழா பத்திரிகை மாடல்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அவரிடம், "ஒரே ஒரு ஃபைலு, அழிய மாட்டேங்குதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். எந்த ஃபைல் என்று கேட்க மாட்டார். மவுஸைத் தொடவும் மாட்டார். "ஃபார்மட் அடிச்சு விட்டுர்றேண்ணே, சாயங்காலம் வாங்க" என்பார். கீபோர்டில் ஓர் எழுத்து விழவில்லையா? ஃபார்மட். பிரிண்டர் பேப்பரை மென்று துப்புகிறதா? அதற்கும் ஃபார்மட். ஒன்றை அழிக்க வந்தவருக்கு மிச்சம் எல்லாவற்றையும் அழித்துக் கொடுப்பதில் அவருக்கு இணையானவர் வைகையின் இரு கரையிலும் கிடையாது.

ஆனால் அடம்பிடிக்கும் ஃபைல்களில் பல, நோய் கண்டவையே அல்ல. ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை விண்டோஸ் அழிக்க விடாது. அதன் சுபாவம் அப்படி. பாதியில் நின்றுபோன வீடியோவுக்குக் குட்டிப்படம் காட்ட முயன்று, எக்ஸ்ப்ளோரரே அதைப் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஒரு ரீஸ்டார்ட், மிஞ்சினால் சேஃப் மோட், பிடி விட்டுப்போகும். பிடித்திருப்பது யார் என்று காட்டும் ரிசோர்ஸ் மானிட்டர் 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் உள்ளேயே இருக்கிறது. இன்னொரு காரணம் பெயரின் நீளம். ஃபோல்டர்களையும் சேர்த்து முழு முகவரி 260 குறியீடுகளைத் தொட்டால் விண்டோஸ் தடுமாறும். 'காதணி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து. 'காதணி விழா அழைப்பிதழ் தாய்மாமன் திருத்தியது கடைசி' என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கினால் எல்லை சீக்கிரமே வந்துவிடும். மேல் ஃபோல்டருக்கு 'அ' என்று பெயர் மாற்றினால் வேலை முடிந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவை உருவியதால் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தாலும், டிஸ்கைச் சரிபார்க்கும் 'செக்டிஸ்க்' கட்டளையைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும், பழைய ஹார்ட் டிஸ்கில் அவர் அடிக்கும் குவிக் ஃபார்மட் உள்ளிருப்பதைத் துடைப்பதில்லை. பட்டியலை மட்டும் புதிதாகப் போடுகிறது. தலைமுழுக நினைத்த ஃபைலை ரெக்கவரி சாஃப்ட்வேர் மறுபடி எழுப்பிக் கொண்டுவரக்கூடும்.

"வைரஸ் ஏறியிருந்தா என்ன செய்வீங்க?" என்று அவர் கேட்கலாம். நியாயம்தான். ஆழமாக வேரோடிய வைரஸுக்கு ஃபார்மட்டே நம்பகமான வைத்தியம். டிஸ்கின் கட்டமைப்பே சிதைந்திருந்தாலும் அப்படித்தான். அது கடைசி மருந்து என்பதுதான் பேச்சு. இதைவிடப் பலமான வாதம் ஒன்று அவரிடம் உண்டு, அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை: ரீஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தால் எந்த வாடிக்கையாளர் காசு கொடுப்பார்? காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு நிமிடத்தில் முடித்தால் "இதுக்கா முந்நூறு?" என்போம். மிஷினைச் சாயங்காலம் வரை வைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்போம். அவரை ஃபார்மட் அண்ணனாக்கியதில் பாதிப் பங்கு நம்முடையது. ராத்திரி எட்டு மணிக்கு கரண்ட் பில் கட்ட முடியவில்லை என்று போன் போட்டாலும் சலிக்காமல் வழி சொல்கிறவரை முழுக்கத் திட்டவும் மனம் வருவதில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டெஸ்க்டாப்பில் பிள்ளையின் புராஜெக்ட் இருக்கிறது, செத்துப்போன அப்பாவின் போட்டோ இருக்கிறது. "காப்பி எடுத்து வச்சிருந்தீங்கள்ல?" என்ற கேள்வி அவர் வாயிலிருந்து எல்லாம் முடிந்த பிறகே வருகிறது. ஃபார்மட் அடிக்கட்டும், காசும் வாங்கட்டும். அந்தக் கேள்வியை முதலில் கேட்கட்டும். அடித்து முடித்த பிறகு கேட்டால் அதற்குப் பெயர் துட்டி விசாரிப்பது.