கேட்டு வித்வான்

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் நங்கநல்லூரில் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். யார் வீட்டு கேட்டுக்கோ வெளியே, ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டர்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். சந்தேகப்பட வேண்டாம். அந்த வீட்டு நாயே அவரைப் பார்த்துக் குரைப்பதை விட்டு எட்டு மாதம் ஆகிறது. உள்ளே அவர் பெண் பாட்டு கற்றுக்கொள்கிறாள். மாடியில் என் பையன் மிருதங்கம். ஆகவே நானும் அதே கேட்டுக்காரன்தான். ஆனால் அவர் அளவுக்கு எனக்கு ஞானம் போதாது.

பெண்ணுக்குப் பாட்டு, ஹிந்தி, நீச்சல். பையனுக்குச் செஸ், கராத்தே, கையெழுத்து. எது எந்தக் கிழமை என்பது ஃப்ரிட்ஜ் கதவில் அவர் மனைவி ஒட்டிவைத்த அட்டவணையில் இருக்கிறது. பெண்ணுக்குப் பச்சை மை, பையனுக்குச் சிவப்பு. இவருக்கென்று தனி நிறம் கிடையாது; பச்சையும் சிவப்பும் மோதுகிற இடமெல்லாம் இவர்தான். ஆபீசில் நாலரை மணிக்கு மீட்டிங் வைப்பவனை அவர் இந்த ஜென்மத்தில் மன்னிப்பதாக இல்லை.

இத்தனை வகுப்புக்கு அழைத்துப்போகிறாரே தவிர, ஒன்றின் உள்ளேயும் போனதில்லை. எல்லாமே வாசல் அறிமுகம். ஹிந்தி டீச்சர் வீட்டுக்கு எதிரே புங்க மரம், நிழல் உண்டு, காக்காய் எச்சமும் உண்டு. செஸ் சார் வீட்டுப் பக்கத்தில் டீக்கடை. கராத்தே வாசலில் ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கொசு வரும், அதற்கு முன் வராது. இதே வாசல்களில் அம்மாக்களும் நிற்பார்கள். ஆனால் நாலு அம்மாக்கள் சேர்ந்தால் பத்தே நிமிஷத்தில் எந்த ஸ்கூலில் எவ்வளவு ஃபீஸ், எந்த மிஸ் வேலையை விடப்போகிறார் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். நாலு அப்பாக்கள் சேர்ந்தால் நாலு செல்போன், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஈரம் காயாத நீச்சல் தொப்பி. அதில் ஒட்டிக்கொண்டிருந்த மேரி பிஸ்கட் தூள். மஞ்சள் கராத்தே பெல்ட்டால் கட்டிவைத்த ஹிந்திப் புத்தகங்கள். இரண்டு சின்ன ரெயின்கோட். அவருக்கு ஒன்று வைக்க இடமில்லை. செஸ் காய்ப் பையில் ஒரு கறுப்புச் சிப்பாய் தொலைந்துபோய், பதிலுக்கு ஒரு பேனா மூடி சேவகம் செய்துகொண்டிருந்தது. "போன வாரம் இந்த மூடிதான் சார் ராணியாச்சு" என்றார், பெருமையாக.

வகுப்பு முடிந்து குழந்தை வெளியே வந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "இன்னிக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க?"

பதிலும் ஒன்றுதான்: "ஒண்ணுமில்ல."

பாட்டானாலும் நீச்சலானாலும் ஒண்ணுமில்லதான். மாசம் இவ்வளவு பணம் கட்டி ஆறு வகுப்பில் ஒண்ணுமில்ல கற்றுத் தருகிறார்களா என்று எனக்கும் கவலையாகத்தான் இருக்கும். என் வீட்டிலும் அதே பதில்தான்.

அதனால்தான் அவர் வாசலில் நின்றபடியே காதைத் தீட்டிக்கொள்ள ஆரம்பித்தார். சங்கீதக்காரர்கள் கேள்வி ஞானம் என்பார்கள். இவருடையது கேட்டில் நின்று கேட்ட ஞானம்.

ஹிந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டி.வி. விவாதம் பார்க்கும்போது மனிதர் ஹிந்தித் திணிப்புக்கு எதிராகப் பொங்குவார். புதன்கிழமை சாயங்காலம் பெண்ணைப் பிராத்மிக் வகுப்பில் இறக்கிவிடுவார். 1918-லிருந்து வேலை செய்கிற, இப்போது தி. நகரில் இருக்கிற தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபாவை நம்பித்தான் சென்னையில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் ஹிந்தி டியூஷன் நடக்கிறது. பிராத்மிக் முடிந்தால் மத்யமா, அப்புறம் ராஷ்ட்ரபாஷா, அதற்கும் மேலே பிரவீண் வரை படிக்கட்டு போகிறது. "இதென்ன சார் இரட்டை வேஷம்?" என்றேன். "திணிச்சாத்தான் சார் தப்பு. நான் ஃபீஸ் கட்டி வாங்கிக்கறேனே" என்றார். பால் வேற்றுமைதான் அவரைப் படுத்துகிறது. வீடு ஆண்பால், நாற்காலி பெண்பால் என்று ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததையெல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். ஒரு புதன்கிழமை வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்து, "சார், மீசை பெண்பாலாம்!" என்றார். அன்று முழுக்க மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

செஸ்ஸில் அவருடைய குலதெய்வம் ஆனந்த் இல்லை, குகேஷும் இல்லை; குகேஷின் அப்பா. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 14-வது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது, ஊரே பையன் கண்ணீர் விட்டதைப் பார்த்தது. நம்மவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது வேறொரு வீடியோ. ஆட்டம் முடிகிற நேரத்தில் வெளியே இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்த அப்பா. காது மூக்கு தொண்டை டாக்டர். பையனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே ஒதுக்கிவைத்தவர். "பாருங்க சார், அவரும் வெளியேதான் நிக்கறார்" என்று என் தோளைத் தட்டினார்.

அந்த வேகத்தில் பையனை ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் சேர்த்தார். கல்யாண மண்டபத்தில் போட்டி, காலையிலிருந்து ஐந்து ரவுண்டு. பெற்றோர் உள்ளே வரக்கூடாது. புளிசாத டப்பாவோடு வாசலில் அறுபது பேர், "அடுத்த ரவுண்டு பேரிங் போட்டாச்சா?" என்று செல்போனைத் தேய்த்தபடி. நாலாவது ரவுண்டு முடிந்து பையன் வந்தான். ஜெயிக்கிற ஆட்டமாம், டிரா செய்துவிட்டான். ஏன்டா என்றால், "அவனுக்கு அழுகை வர மாதிரி இருந்துச்சுப்பா." இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் நகர்வு எழுதியிருக்கிறது? பேசாமல் டப்பாவைத் திறந்தார்.

ஸ்கூல் விவகாரம் தனி. அது ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வரும். "அப்பா, நாளைக்கு முளைச்ச விதை கொண்டு போகணும்." எப்போது சொன்னார்கள்? போன வாரம். ஒரு ராத்திரியில் பயறை முளைக்கவைக்கும் வித்தை சித்தர்களுக்குத் தெரிந்திருக்கலாம். இவர் விடிந்ததும் கடைக்கு ஓடி முளைகட்டின பயறு பாக்கெட் வாங்கிப் பஞ்சில் நட்டு அனுப்பினார். மழைக்காலமானால் விடியற்காலையிலிருந்தே டி.வி.யில் கலெக்டர் லீவு விட்டாரா என்று கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்கூலுக்கு லீவு வந்துவிடும். உடனே வாட்ஸ்அப்பும் வரும்: "இன்னிக்கு ஃப்ரீதானே, கராத்தே பத்து மணிக்கே வெச்சுக்கலாம்."

இதெல்லாம் ஒருபுறம். பாட்டில்தான் மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். சரளி வரிசை முடிந்து ஜண்டை வரிசை ஆரம்பித்த சமயம். சிக்னலில் நிற்கும்போதுகூட மாயாமாளவகௌளையை முனகுகிறார். பெண் வீட்டில் பாடினால், "ரெண்டாவது ஸ்வரத்துல அழுத்தம் குடும்மா, ச-ச இல்ல, ச-ச்ச" என்கிறார். ஒரு வியாழக்கிழமை ஸ்கூட்டர் சீட்டில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தார், எட்டு எண்ணிக்கை, விரல் எண்ணி, கையைத் திருப்பி, சுத்தமாக. பாட்டு மிஸ் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், நீங்க போடற தாளம் உள்ள கேக்குது. உங்க பொண்ணு என் கையைப் பாக்காம ஜன்னலையே பாக்கறா."

அவர் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கால் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

விஜயதசமி அன்று பெண் அறிவித்தாள்: பாட்டு வேண்டாம், ஸ்கேட்டிங்தான் வேண்டும். மூன்று மாத ஃபீஸ் அப்போதுதான் கட்டியிருந்தது. மிஸ் கறாரான ஆள். கட்டின பணம் திரும்பாது. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மிஸ்ஸிடம், "பணம் வீணாப் போகக்கூடாது பாருங்க" என்று இழுத்தார். மிஸ்ஸுக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது ஸ்கூட்டர் வழக்கமான இடத்தில் நின்றது. அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் ஹெல்மெட்டோடு, அவர் பெண். ஒரு மணி நேரம் பொறுமையில்லாமல் ஹாரனைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆறரைக்கு அவர் வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"இன்னிக்கு என்னப்பா சொல்லிக்குடுத்தாங்க?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.