மேத்தன்மணி பதில்கள்: பெரியவர் கண்ணில் படுவது எப்படி?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயில் பக்கத்து மணிக்கடிகாரத்தின் பெயரைக் கடன் வாங்கிப் புனைபெயர் ஆக்கிக்கொண்டவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். இந்த மாதத் தபாலில் முக்கால்வாசி ஆபீஸ் புலம்பல். மீதி, சாலைத் தெருவில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை என்பது. இரண்டாவதற்கு மேத்தன்மணியிடம் பதில் கிடையாது.

மேலதிகாரியைக் காக்கா பிடிப்பது எப்படி? அவசரம்.
(அவசரக்காரர், தம்பானூர்)

வடை வைத்து.

எனக்கு இரண்டு மேலதிகாரிகள். ஒருவர் இடிக்கிறார், அடுத்தவரும் இடிக்கிறார். யார் பக்கம் சாய்வது?
(நடுவில் நிற்பவர், வஞ்சியூர்)

கிழக்கேகோட்டைக்கு ஒரு நடை வந்து, மேத்தன்மணி கடிகாரத்தை மணி அடிக்கும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். நடுவில் தாடிக்காரர் ஒருவரின் முகம், இரு பக்கமும் இரண்டு கிடாக்கள். மணி அடித்தால் தாடிக்காரர் வாயைத் திறப்பார், கிடாக்கள் ஓடிவந்து ஆளுக்கொரு கன்னத்தில் முட்டும். 150 ஆண்டுக்கு மேலாக இதுதான் அவர் உத்தியோகம். கடிகாரம் பழுதாகும்போது மட்டும் மருத்துவ விடுப்பு.

அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. மணிக்கு மணி வாயைத் திறந்ததுதான் அவர் செய்த தப்பு.

ஜால்ரா அடிக்காமல் மேலே வந்தவர் ஒருவரையாவது இந்த ஊரில் காட்ட முடியுமா?
(சவால் விடுபவர், கரமனை)

காட்டலாம். திருவிதாங்கூர் சரித்திரம் எழுதியவர்கள் ரசித்துச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக் காலம் 1729 முதல் 1758 வரை) ஓர் இரவு அத்தியறப் போற்றி வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். விளக்கு மங்குகிறது. திரியைத் தூண்டிவிடச் சொல்லி, வீட்டில் இருந்த பையனைப் போற்றி ஏவுகிறார். சாதாரணப் பையனாக இருந்தால் குச்சியால் கிளறி, விளக்கை அணைத்து, ராஜா இருட்டில் குழம்பைத் தேடும்படி செய்திருப்பான். இவனோ முதலில் வேறொரு திரியைக் கொளுத்தி ஒரு கையில் பிடித்துக்கொண்டான். அப்புறம்தான் மறு கையால் விளக்கைத் தொட்டான். அணைந்தாலும் இருட்டு வராது.

ராஜா பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அரண்மனைச் சில்லறை வேலை, பிறகு எழுத்து வேலையான ராயசம், 1737-ல் தலைமை அமைச்சர் பதவியான தளவாய் என்று போகிறது பட்டியல். டச்சுக்காரர்கள் 1741-ல் குளச்சலில் தோற்றபோது தளவாய் அவர்தான். 1756-ல் சாகும்வரை பதவியில் இருந்தார். ராமய்யன் தளவாய் திருநெல்வேலிச் சீமை ஏர்வாடியில் பிறந்தவர். மேத்தன்மணி ஊர்ப்பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். பேசத்தான் செய்கிறார்.

திறமை மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தக் கதையில் விளக்குதான் கண்ணில் படுகிறது. அறிமுகம் மட்டும் போதும் என்பவர்களுக்குப் போற்றி மட்டும். பையனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. போற்றி வீட்டில் இடம் கிடைக்காமல் இருந்தால் அவன் இரண்டு திரி என்ன, இருபது திரி ஏந்தி நின்றிருந்தாலும் ராஜாவுக்குத் தெரிந்திருக்காது. ஜால்ரா? ராஜா ஏப்பம் விட்டதும் பையன் 'ஆகா' என்றதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பதவி உயர்வுக்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் உடைக்கலாம்?
(பக்தர், மணக்காடு)

அந்தக் கோயிலைப் பராமரிப்பது இந்திய ராணுவம். எண்ணிக்கையைக் காவலுக்கு நிற்பவரிடம் கேளுங்கள். சிப்பாயாகவே நிற்கிறாரா, சுபேதார் ஆகிவிட்டாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜெனரல் மேனேஜருக்கு நான் செல்லப்பிள்ளை. மற்ற யாரையும் சட்டை செய்வதில்லை. சரிதானே?
(செல்லப்பிள்ளை, பட்டம்)

நீங்கள் காய்கறி வாங்கும் சாலைச் சந்தையை உண்டாக்கியவர் கதையைக் கேளுங்கள்.

குன்னத்தூர் கேசவன் என்ற இளைஞன் வணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். முதலாளியோடு ஒருநாள் அரண்மனைக்கு வந்தவன் அங்கேயே தூங்கிப்போனான். விடிந்ததும் ராஜா கண்ணில் முதலில் பட்ட முகம் அவனுடையது. சகுனம் சரியில்லை என்று பிடித்து அடைத்தார்கள். அன்று பார்த்து நல்ல சேதியாக வந்து குவிந்தது. உடனே விடுதலை, கூடவே அரண்மனையில் வேலை. கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பாட்டி கைவண்ணம் என்று மேத்தன்மணி ஆராயவில்லை. அதற்குப் பிறகு நடந்தது சரித்திரம். கார்த்திகைத் திருநாள் ராம வர்மா என்ற தர்மராஜாவின் நிழலில் கேசவன் வளர்ந்தார். 1789-ல் திவான் ஆனார். தளவாய் என்ற பட்டத்தை விட்டுத் 'திவான்' என்று எழுதிக்கொண்ட முதல் ஆள் அவர் என்பார்கள். திப்பு படையெடுத்து வந்தபோது சமாளித்தார், ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தார், சாலையில் கடைத்தெரு போட்டார். ராஜா கேசவதாஸ் ஆனார்.

1798-ல் தர்மராஜா காலமானார். பட்டத்துக்கு வந்த பலராம வர்மாவுக்கு வயது 16 அளவில். அவரைச் சுற்றி ஒரு புதுக் கூட்டம். திவானுக்குப் பதவி போனது, வீட்டுக் காவல் வந்தது. அடுத்த ஆண்டே இறந்தார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்றே சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் ஜெனரல் மேனேஜருக்கு ரிட்டயர்மெண்ட் எப்போது?

'30 நாளில் 300 தொடர்புகள்' என்று ஒரு தன்முன்னேற்றப் பேச்சாளர் வகுப்பு எடுக்கிறார். சேரலாமா?
(ஆர்வலர், கவடியார்)

கட்டணம் செலுத்தினால் ஒரு தொடர்பு உறுதி. அவருக்கு.

நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயில். வேலை முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓட்டம். ஆபீஸ்காரர்களோடு பழக நேரமே இல்லை. எனக்கு முன்னேற்றம் உண்டா?
(சீசன் டிக்கெட், வடசேரி)

அண்ணாச்சி, உட்காருங்கள். இடம் கிடைக்கும் ஒரே இடம் இந்தப் பகுதிதான்.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கம் நியூட்டன் என்ற ஊரில், புது வேலைக்கு மாறியவர்களை அவர் விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த ஆளை எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. உயிர் நண்பனுக்குத் தெரிந்த சேதியெல்லாம் உங்களுக்கும் தெரிந்துதான் இருக்கும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வம்பைத்தானே பேசுகிறீர்கள். வேறு உலகத்துச் சேதி வேறு உலகத்து ஆளிடமிருந்துதான் வரும். 2022-ல் லிங்க்ட்இன் நிறுவனத்தின் 2 கோடிப் பயனர்களை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. அதில் ஒரு திருத்தம்: ரொம்பவும் தூரத்து ஆள் உதவமாட்டார், ஓரளவு தூரத்து ஆள் உதவுவார்.

ஓரளவு தூரத்து ஆள் என்றால் யார்? இரணியலில் ஏறுகிற கருவூலக்காரர். குழித்துறையில் ஏறி ஜன்னலுக்குச் சண்டை போடும் வங்கிக்காரி. பாறசாலையில் ஏறும் ஆஸ்பத்திரி லேப்காரர். நெய்யாற்றின்கரை தாண்டினால் கால் வைக்க இடமில்லை, ஆனாலும் எந்த ஆபீஸில் எந்த நாற்காலி காலி என்பது நேமம் வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சீசன் டிக்கெட்காரர்கள் மட்டும் இன்னும் தினம் ஒருமுறை திருவிதாங்கூரோடு இணைந்து பிரிகிறார்கள். ரயிலில் தூங்காதீர்கள் அண்ணாச்சி.

என் மேலதிகாரி என்னைவிட இளையவர். ஒருகாலத்தில் நான்தான் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தேன். கூச்சமாக இருக்கிறது.
(மூத்தவர், ஸ்டாச்சு)

ஸ்டாச்சுவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கிற சிலைக்காரர் செய்ததே அதைத்தான்.

அவருக்கு முன்னோடியும் ஒருவர் உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்த சுப்பாராவ், 'இங்கிலீஷ் சுப்பாராவ்' என்று பெயர், சுவாதித் திருநாளுக்கு வாத்தியார். மாணவர் 1829-ல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு வாத்தியார் திவான். சிலைக்காரரான கும்பகோணம் டி. மாதவராவ் 1849-ல் இளவரசர்களுக்குப் பாடம் சொல்ல வந்தார். ஆசிரியருக்கு வயது 21, மூத்த மாணவர் ஆயில்யம் திருநாளுக்கு 17. மாதவராவ் 1858-ல் திவான் ஆனார், 1860-ல் மாணவர் அரியணை ஏறினார். ஆக, பாடம் கேட்டவர் உத்தரவு போட, பாடம் சொன்னவர் நிறைவேற்றினார். தலைமைச் செயலகக் கட்டடம் 1869-ல் எழுந்தது அவர் காலத்தில்தான். 12 ஆண்டு ஓடிய பிறகு இருவருக்கும் கசந்தது. 1872-ல் மாதவராவ் விலகினார், இந்தூரும் பரோடாவும் அவரைத் திவானாக அழைத்துக்கொண்டன.

மாதவராவின் அப்பா ரங்காராவும் பெரியப்பா வெங்கடராவும் இதே நாட்டில் திவானாக இருந்தவர்கள் என்பதைச் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. இன்னொன்று: அவருக்கு அடுத்து வந்த சேஷையா சாஸ்திரி, 1880-ல் வந்த ராமய்யங்கார், மாதவராவ் மூவருமே சென்னையில் பவல் துரையின் மாணவர்கள். ஒரே வாத்தியாரிடமிருந்து மூன்று திவான்கள்! மேத்தன்மணியின் வகுப்பிலிருந்து வந்தது ஒரு கண்டக்டர். அவரும் தினமும் 'ஸ்டாச்சு, ஸ்டாச்சு' என்று கூவி மாதவராவுக்குத் தொண்டு செய்கிறார்.

கூச்சத்தை விடுங்கள். பழைய வாத்தியார் மாதிரி நடுச்சபையில் அவரைத் திருத்தாமல் இருந்தால் போதும்.

எங்கள் டீமில் ஆண்கள் எல்லாம் மேனேஜரோடு தட்டுக்கடைக்குப் போகிறார்கள். சாயா, சிகரெட், சிரிப்பு. திரும்பி வரும்போது முடிவுகளும் எடுத்தாகிவிடுகின்றன. நான் சும்மா கற்பனை செய்கிறேனா?
(மென்பொறியாளர், கழக்கூட்டம்)

கற்பனை இல்லை. சோயி கல்லன், ரிகார்டோ பெரெஸ்-ட்ருக்லியா என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஆசியாவின் பெரிய வங்கி ஒன்றின் பதிவுகளைக் குடைந்து 2023-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆண் மேலாளரின்கீழ் வந்த ஆண் ஊழியர்களுக்குப் பதவி உயர்வு வேகமாக வந்திருந்தது. அவர்கள் கூடுதலாக உழைத்ததற்கோ விற்றதற்கோ அடையாளம் இல்லை. புகை பிடிக்கும் மேலாளரிடம் மாற்றப்பட்ட புகை பிடிக்கும் ஊழியருக்கும் இதே யோகம். அந்த வங்கியில் ஆண் பெண் பதவி உயர்வு இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட நெருக்கத்தாலேயே வந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

(இன்னொரு கல்லனையும் இந்த ஊர் அறியும். 1840-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன், தன்னோடு வந்த கிருஷ்ணராவைத் திவான் நாற்காலி வரை தள்ளி ஏற்றினார், சுவாதித் திருநாள் நொந்துபோனார். கல்லன்களுக்கும் பதவி உயர்வுக்கும் ஏதோ பந்தம்.)

நீங்கள் சிகரெட் பழக வேண்டாம். எங்கே முடிவானது, யார் இருந்தார்கள், ஏன் குறிப்பு இல்லை என்று கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். சாயாக் கடை ராஜ்ஜியம் காகிதத்தைக் கண்டால் நடுங்கும்.

எழுத்தாளராக முன்னேற யாரைப் பிடிக்க வேண்டும்?
(கவிஞர், பேட்டை)

வாடிக்கையாளரை. எழுத்தாளர் ஆ. மாதவன் சாலைத் தெருவில் செல்வி ஸ்டோர்ஸ் என்ற பாத்திரக்கடை நடத்தினார். சுமை தூக்குகிறவர், திருடர், தரகர், பைத்தியம் என்று கடைக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் கதைக்குள் போனார்கள். 2015-ல் சாகித்ய அகாதமி விருது வந்தது. டெல்லியிலிருந்து அது சாலைக்கு வந்து சேர அவருக்கு 81 வயது ஆனது. பாத்திரம் விலை கேட்டவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும்.

ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. சூப்பர்வைசரிடம் நல்ல பெயர் வாங்க நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறேன். கால் வீங்குகிறது. உட்கார்ந்தால் பெயர் கெட்டுவிடுமோ என்று பயம்.
(பெயர் வேண்டாம், கிழக்கேகோட்டை)

இந்தக் கடிதத்துக்கு விளையாட்டாகப் பதில் எழுத முடியவில்லை. உட்காருங்கள் அம்மா. அது சட்டம்.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு நாற்காலி மட்டுமல்ல, கழிப்பறையும் கிடையாது. தண்ணீர் குடிக்காமலேயே வேலைக்கு வந்தார்கள். அங்கே தையல் வேலை செய்துவந்த விஜி, அந்தப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறைக்காகப் போராட்டம், பிறகு நாற்காலிக்காக. திருச்சூர் ஜவுளிக்கடைப் பெண்கள் நடத்தியதற்கு 'இரிப்பு சமரம்', அதாவது உட்காரும் போராட்டம் என்றே பெயர். 2018-ல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும், உட்கார வாய்ப்பும் கொடுக்க வேண்டும். 2021-ல் தமிழ்நாடும் அப்படியே சட்டம் செய்தது.

விஜி எந்த முதலாளியின் கண்ணிலும் நல்லவராகப் பட முயலவில்லை. பக்கத்துக் கடைப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார், அவளுக்குத் தெரிந்தவளின் பெயரையும். உங்கள் தளத்தில் எத்தனை பெண்கள் நிற்கிறீர்கள்? ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். அதற்குப் பிறகும் முறைத்தால் தொழிலாளர் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டு.

இவ்வளவு பேசுகிறீரே, உமக்கும் உம் ஆசிரியருக்கும் உறவு எப்படி?
(வம்பர், சாலை)

நான்கு பத்தி எழுதினார் மேத்தன்மணி. ஆசிரியர் படித்துப் பார்த்தார். மிச்சம் இவ்வளவுதான்.