காக்கை ஓட்டிய துரை

ஒரு குடும்பத்துக்குச் சொந்த வீடும், கொஞ்சம் நிலமும், வங்கியில் சொல்லிக்கொள்ளும்படியான இருப்பும் வந்து சேர்ந்துவிட்டால், அதற்கு அடுத்தபடியாக அத்தியாவசியமாகத் தேவைப்படும் வஸ்து ஒரு நல்ல மூதாதையர் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். சிலர் ஒரு பாளையக்காரரைத் தேடிப் பிடிக்கிறார்கள். சிலர் சமஸ்தானத்துத் திவான் ஒருவரோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். என் தாய்மாமாவோ ஓர் ஆங்கிலேயரையே பிடித்துவைத்திருந்தார். மாமாவின் பாட்டியைப் பெற்றவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் ஐதிகம். அதற்கு இருந்த ஒரே சாட்சியம் மாமாவின் பூனைக்கண்கள். பெண் கேட்டு வருபவர்களின் முன்னிலையில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அடக்கமாக ஒளிந்திருக்கும் அந்தக் கண்கள், பங்காளிகளோடு வரப்புத் தகராறு மூளும் சமயங்களில் மட்டும் பிரத்தியட்சமாகி, எதிராளியை ஏகாதிபத்திய தோரணையில் நோக்கும்.

நான் வத்தல்மலையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தருமபுரி வெயிலுக்கு அஞ்சி, அதன் பின்னரும் மலையை விட்டு இறங்காமலே இருந்துவிட்டவன். கோடை பிறந்தால் மாமாவுக்கு என்மீது வாத்ஸல்யம் பெருகும். சென்ற கோடையில், இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடியபடியே கடந்து அவர் வந்து சேர்ந்தபோது, பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் பேரனையும், அவனுடைய மடிக்கணினியையும், ஒரு கோரிக்கையையும் உடன் கொண்டுவந்திருந்தார். தை மாதத்தில் அவருக்குச் சதாபிஷேகம். அதற்கென ஒரு மலர் அச்சாகப் போகிறது. அதன் முதற்பக்கத்து வம்ச விருட்சத்தின் உச்சியில் துரையவர்கள் சகல ஆதாரங்களோடும் வீற்றிருக்க வேண்டும்.

"மாப்ளே, இங்கிலீஷ்காரன் பழைய ஜனத்தொகைக் கணக்கை, கல்யாண ரிஜிஸ்தரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டானாம். காசு கட்டினா இங்கிருந்தே பாக்கலாமாம். நீதான் கணக்கெடுத்து அனுபவப்பட்ட ஆளாச்சே, துரையைக் கண்டுபிடிச்சுக் குடு" என்றார்.

நான் கணக்கெடுத்தவன் என்பது வாஸ்தவம். நம் தேசத்தில் அந்த மகத்தான கைங்கரியம் பெரும்பாலும் வாத்தியார்கள் தலையிலேயே விடிகிறது. 1991, 2001, 2011 ஆகிய மூன்று கணக்குகளுக்கும் படிவக் கட்டைச் சுமந்துகொண்டு பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று அலைந்திருக்கிறேன். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எழுத வேண்டும், வீடில்லாதவர்களை 28-ஆம் தேதி இரவில் எண்ண வேண்டும், மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவில் தேசம் எப்படி இருந்ததோ அப்படியே அது கணக்கில் நிற்க வேண்டும் என்று விதிமுறைகள் நிர்த்தாட்சண்யமாக இருந்தன. ஆனால், சாமைக் கொல்லையில் குனிந்து நிற்கும் ஒரு பாட்டியிடம் வயதைக் கேட்டால் விதிமுறைகளின் வீரியம் குறைந்துவிடும். "ஒரு அறுவது போட்டுக்குங்க வாத்தியாரே" என்பார். கைம்பெண்ணான அவருடைய மகளுக்கும் அவரே ஓர் ஐம்பது போடச் சொல்வார். என் குறிப்பேட்டை நம்பினால், இந்த மலையில் பிறந்தவர்கள் அனைவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மட்டுமே பிறந்தவர்களாவார்கள்.

ஆகவே, மாமாவும் பேரனும் ஆங்கில ஆவணங்களைத் தேவவாக்காகப் பாவித்து உட்கார்ந்தபோது, நான் மட்டும் அவற்றின் பின்னால் நின்றிருக்கக்கூடிய என் சக உத்தியோகஸ்தனைத் தேடலானேன். அவனும் அங்கே இருந்தான். இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணிவந்தார்களாயினும், தேசம் முழுவதற்கும் ஆள்வாரியாகப் பெயரெழுதியது 1841-இல்தான். அந்தக் கணக்கில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுத வேண்டும் என்று கணக்காளருக்கு உத்தரவு; அறுபத்து நான்கு வயதுக்காரர் அறுபதாகிவிடுவார். வத்தல்மலையில் ஜனங்கள் தாமாகவே மனமுவந்து செய்யும் காரியத்தை அங்கே சர்க்காரே விதியாக்கியிருந்தது கண்டு எனக்குப் பரம ஆனந்தம். இன்னும் விசேஷம் என்னவெனில், வீட்டுக்காரர்கள் பூர்த்தி செய்து கொடுத்த 1901 வரையிலான படிவங்கள் அழிந்துபோயின; மிஞ்சியவை, கணக்காளன் தன் வீட்டில் விளக்கைத் தூண்டிக்கொண்டு உட்கார்ந்து பிரதி எடுத்த புத்தகங்களே. வம்சாவளி தேடுவோர் தம் பாட்டனாரின் கையெழுத்தென்று கண்ணீர் மல்கப் பார்ப்பது, உண்மையில் என்னைப்போல் கால் வலித்த எவனோ ஒருவனின் கையெழுத்து.

அந்தக் கேள்விகளின் துணிச்சலையும் இங்கே சிலாகிக்க வேண்டும். 1871-ஆம் ஆண்டுப் படிவத்தில், வீட்டில் உள்ளவர்களில் செவிட்டூமை யார், குருடர் யார், அசடு யார், பித்தர் யார் என்று குடும்பத் தலைவரே எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரு பத்தி இருந்தது. இதே கேள்வியை நான் தருமபுரி ஜில்லாவில் கேட்டிருந்தால், பாதி வீடுகளில் மாமியாரும் மருமகளும் ஒருவர் பெயரை ஒருவர் முந்திக்கொண்டு சொல்லியிருப்பார்கள். 1911-இல் ஓட்டுரிமை கேட்ட மாதர் சிலர், "எங்களை எண்ணாத சர்க்கார் எங்கள் தலையை மட்டும் எண்ணுவானேன்?" என்று கணக்கையே பகிஷ்கரித்தார்கள். அவர்களில் எமிலி டேவிசன் என்ற வீராங்கனை, பாராளுமன்றமே தம் முகவரி என்று பதிவாவதற்காக, அன்றிரவு அக்கட்டடத்தின் நிலவறைக் கோயிலை ஒட்டிய ஓர் அலமாரியில் ஒளிந்துகொண்டார். அங்கே ஒருமுறையும், அவர் குடியிருந்த வீட்டில் ஒருமுறையுமாக, அந்த அம்மையார் கணக்கில் இரண்டு பேராக ஏறினார். வெளியூருக்குப் போன மருமகன் இரண்டு ஊர்க் கணக்கிலும் ஏறுவதைக் கண்டறியாத கணக்காளன் உலகில் எங்கேயும் இல்லை போலும்.

துரையை முதலில் இந்தியாவில் பிடித்தோம். சென்னை ராஜதானியில் பாதிரிமார் நடத்திவைத்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28-இல் பிரதிஷ்டையாகி, ஒரு வாரத்துக்குள், நவம்பர் 4-இல், எலிஹு யேல் அங்கே ஒரு விதவையை மணந்ததுதான் அந்த ஆலயப் பதிவேட்டின் முதல் கல்யாணம். அடுத்த சில ஆண்டுகளில், 1687-இல், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பது சந்ததிக்கு நல்லதென்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்கள், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு பகோடா நாணயம் சன்மானமாகக் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். இதைப் படித்துக் காட்டியதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா, கவர்மெண்டே பணம் குடுத்திருக்கு!" என்றார். காப்பித் துரைகள் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பிறந்த யோசனை அது என்பதை நான் உடனே சொல்லவில்லை.

இங்கே அலைபேசிக்கு அலைவரிசை கிடைக்கும் பாறை ஒன்று இருக்கிறது. தெற்கே சேர்வராயன் மலை தெரியும். அந்தப் பாறைமீது சப்பணமிட்டு, பேரன் கட்டணம் கட்டித் திறந்த ஏடுகளில், 1873-ஆம் வருஷத்துப் பதிவு ஒன்றில் துரை அகப்பட்டார். தொழில், காப்பித் தோட்டம். தந்தை பெயர் இன்னது. மணமகள், ஓர் ஆங்கில மாது. மணமகளைக் கண்டு மாமாவின் முகம் சற்றே வாடியது. "அது ரெண்டாங் கல்யாணமா இருக்கும்" என்று அடுத்த நிமிஷமே தேறிவிட்டார். பிரம்மசாரி என்று பதிவில் தெளிவாக இருந்ததைப் பேரன் நாசூக்காகத் தன் கையால் மறைத்துக்கொண்டான்.

நல்ல வேளையாக, துரையின் குலப்பெயர் அபூர்வமானது. (அதை இங்கே வெளியிடக் கூடாதென்பது மாமாவின் ஆக்ஞை.) அதைப் பிடித்துக்கொண்டு கடல் கடந்து நார்ஃபோக் ஜில்லாவின் ஒரு குக்கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இங்கிலாந்தில் சர்க்கார் விவாகப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. துரையின் பெற்றோர் 1839-இல் மணந்தவர்கள். பதிவேட்டில் மணமகன் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மணமகளுக்கு இன்னொரு பெருக்கல் குறி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மணமகன்களில் மூன்றில் ஒருவரும், மணமகள்களில் ஏறக்குறையப் பாதிப் பேரும் அவ்வாறே கீறல் போட்டவர்கள்தாம். மணமகனின் தொழில், விவசாயக் கூலி. இந்தத் தொழில் அந்தத் தேசத்தில் அவ்வளவு மலிந்திருந்தபடியால், 1841-ஆம் ஆண்டுக் கணக்காளர்கள் அதை முழுதாக எழுதிக் கை ஓயாதிருக்க ஒரு சுருக்கெழுத்தே அனுமதிக்கப்பட்டிருந்தது.

1851-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதியக் கணக்கில் குடும்பம் முழுவதும் தரிசனம் தந்தது. தாயாருக்கு வயது முப்பத்து நான்கு. அடுத்த கணக்கில் பார்த்தால் நாற்பத்தொன்று. இடையே பத்து வருஷம் சென்றும் ஏழு வயதே கூடியிருந்ததில், கடல் கடந்த ஸ்திரீ தர்மம் ஒன்றை நான் கண்டேன். மகன், அதாவது நம் துரை, வயது ஒன்பது. அந்தத் தேசத்தில் பிள்ளைகளுக்கும் தொழிற்பத்தியை நிரப்பிவிடுகிறார்கள். நம் துரைக்கு எதிரே, விதைத்த வயலில் காக்கை ஓட்டுபவன் என்று எழுதியிருந்தது.

சாமை முற்றும் பருவத்தில் என் வகுப்பில் பாதிப் பையன்கள் காணாமற்போவார்கள். கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் தகரத்தைத் தட்டிக் குருவி விரட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒருவனைக் காதைப் பிடித்து வகுப்புக்கு இழுத்துவருவது என் அன்றாடக் கடமைகளில் ஒன்று. எங்கள் வம்சத்து மூலபுருஷர் அந்தப் பையன்களின் ஜாதி என்று தெரிந்ததும், அவர்மேல் முதன்முறையாக எனக்கு ஒரு சொந்தம் தட்டியது.

சொந்தம் தட்டியதே ஒழிய, தஸ்தாவேஜு தட்டுப்படவில்லை. துரைக்கு ஊர் கிடைத்தது, தந்தை கிடைத்தார், தாயாரின் மெய்யான வயதுகூட அநேகமாகக் கிடைத்தது. அவருக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்பதற்கு மட்டும் துண்டுக் காகிதம் இல்லை. மாமாவின் பாட்டியும் பாட்டியின் தாயாரும் எந்தப் பாதிரியின் ஏட்டிலும் ஏறவில்லை. நம் தேசத்துப் பழைய கணக்குகளிலோ, ஜனங்களைக் கூட்டித் தொகை போட்டபின் தனித்தனிச் சீட்டுகளைப் பேணுவாரில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுக்கப்படும் கணக்கையோ எவரும் பார்க்கவே இயலாது. ஒன்றுக்கும் ஆகாத சட்டம் என்று மாமா கடிந்துகொண்டார். மாமா தம் வயதை என்னிடம் சொன்ன 2001-ஆம் ஆண்டுப் படிவத்தை நினைத்து, அது மிகவும் தீர்க்கதரிசனமான சட்டம் என்று நான் மனத்துக்குள் கொண்டாடினேன்.

இவ்வளவையும் பாறையின் மறுபுறத்தில் அமர்ந்து வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார் பக்கத்துக் கொல்லைக் கவுண்டர். இம்மலைப் பழங்குடிகளான மலையாளிகளின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பதும், ஆளுக்கொரு மலையாக அவர்கள் பிரிந்து போனார்கள் என்பதும் அவர் வாயால் நான் பலமுறை கேட்ட வரலாறு. எந்த மலைக்கு எந்தச் சகோதரர் என்பது மலைக்கு மலை மாறும். அதனால் எவருடைய கௌரவத்துக்கும் பங்கமில்லை. "ஏன் வாத்தியாரே, இத்தினி பாடு எதுக்கு? அவருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கணுமா?" என்றார். இல்லை, பொழுதுபோக்குத்தான் என்றேன். அவருக்கு அது விளங்கவேயில்லை. பேரனுடைய படிப்புக்காகப் பாட்டனுக்குப் பாட்டன் மலையாளிதான் என்று நிரூபிக்க மனுவும் கையுமாக மலை இறங்கி ஏறிய மனிதர் அவர். மூதாதையரைத் தேடுவது என்பது, சர்க்கார் கேட்டாலொழிய ஒரு மனிதன் தானாகச் செய்துகொள்ளும் காரியம் என்று அவர் கேள்விப்பட்டதில்லை.

மாமா அன்றிரவு சாப்பிடவில்லை. காலையில் எழுந்ததும், "கூலிக்காரன் மவனா நம்ம துரை? இருக்கவே இருக்காது மாப்ளே. அவன் வேற யாரோ" என்று, நூற்றைம்பது வருஷத்து உறவைப் பல் துலக்குமுன் ரத்து செய்தார். பிறகு நிதானமாகக் காப்பி அருந்திவிட்டு, தருமபுரியில் யாரோ ஒரு பெரிய துரை இருந்ததாகச் சொல்வார்களே, அவர் யார் என்று விசாரித்தார். தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை, தருமபுரியும் அடங்கிய பாராமகாலில் அலெக்ஸாண்டர் ரீடுக்கு உதவியாளராக இருந்தவர், பிற்பாடு சென்னைக்கே கவர்னரானவர் என்று நான் வாய் தவறிச் சொல்லிவைத்தேன். மாமாவின் பூனைக்கண்கள் பிரகாசித்தன. "அப்ப இங்கிலீஷ்காரன் கணக்கெடுக்க ஆரம்பிக்கறதுக்கே முந்தி! யாரு வந்து இல்லைங்கப் போறான்?" என்றார்.

காலமும் பொருந்தவில்லை, காரணமும் பொருந்தவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். மலரின் முதற்பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. அந்த மன்றோவின் தகப்பனார் கிளாஸ்கோவில் வியாபாரம் செய்து, அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தில் அடிபட்டுச் சர்வ நஷ்டமாகி நொடித்துப்போனவர் என்ற சரித்திர உண்மையை மட்டும் நான் இன்னும் வெளியிடவில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு மூதாதையரைப் பறிகொடுக்கும் வயது மாமாவுக்கு இல்லை. சதாபிஷேகம் சுபமாக நடந்தேறட்டும்.