கால் சுத்து சார்

ஞாயிறு காலையில் நெமிலிச்சேரி பக்கம் வெளிவட்டச் சாலையில் போனால் அவரைப் பார்க்கலாம். ரோடு சைக்கிள் தலைகீழாக நிற்கும், அதன் முன்னால் அவர் குந்தியிருப்பார். யாரோ விழுந்துவிட்டார் என்று பதறி வண்டியை நிறுத்தாதீர்கள். சர்வீஸ் நடக்கிறது.

அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, எந்த சைக்கிள் குழுவிலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் குழுவில் இவருக்குப் பெயர் 'கால் சுத்து சார்'. மற்றவர்கள் பேசிக்கொண்டே மிதிப்பார்கள். சாருக்குச் செயின் உரசும் 'சர்ர்' மட்டும்தான் காதில் விழும். தலையைச் சாய்ப்பார், ஓரங்கட்டுவார், பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். சத்தம் வருவது முன் டிரெய்லரில், அதாவது கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் கூண்டில். அவர் கால் சுத்து திருகுவது பின் டிரெய்லரை.

அங்கே ஹெச், எல் என்று இரண்டு ஸ்க்ரூ. சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி செயின் ஃபிரேம் பக்கம் விழாமல் பார்ப்பது ஹெச். பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்கில் மாட்டாமல் பார்ப்பது எல். ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் பிறகு அவற்றைத் தொட வேலையே இல்லை. புதுக் கேபிள் ஓட ஓடக் கொஞ்சம் தொய்யும், கியர் தயங்கித் தயங்கி ஏறும். அதற்கென்று கேபிள் நுழையும் இடத்தில் கையாலேயே திருகும் குமிழ் இருக்கிறது. கழற்றும் திசையில் கால் சுத்து, போதும். சாருக்கும் இது தெரியும். ஆனால் ஸ்க்ரூடிரைவர் வாங்கிய காசு என்னாவது?

திருகும்போது ஊர்ப்பெருமையும் சேர்ந்து வரும். "1949-லயே டி.ஐ. சைக்கிள் ஆரம்பிச்ச ஊரு சார் இது. ஹெர்குலிஸ் நம்ம அம்பத்தூர்ல செஞ்சது!" உண்மைதான். பஸ் ஸ்டாப்பே டி.ஐ. சைக்கிள் பெயரில் இருக்கிறது. ஆனால் நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸில் கியரும் இல்லை, டிரெய்லரும் இல்லை. செயின் கவர் உரசினால் காலால் ஓர் உதை விடுவார்கள், அதோடு சரி.

கடைசியில் சாரை அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனோம். கடைக்காரர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்றார். பார்த்தார்.

"சார், முன்னாடியும் பெரிய பல்லு, பின்னாடியும் பெரிய பல்லு. செயின் கோணலா ஓடுது, முன்னாடி கூண்டுல உரசாம என்ன பண்ணும்? பின்னாடி ரெண்டு கியர் தள்ளிப் போடுங்க."

போட்டார். சத்தம் நின்றது. கடைக்காரர் காசும் வாங்கவில்லை. சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பையனுக்கு ஜாதகத்தில் தோஷமே இல்லை என்று கேட்ட பரிகார ஜோசியர் மாதிரி வாடிப்போனார்.

"அப்போ டிரெய்லர் மாட்டுற ஹேங்கர் வளைஞ்சிருக்குமோண்ணே?"

"அதெல்லாம் நேராத்தான் இருக்கு, கெளம்புங்க சார்."

இப்போது அவர் சைக்கிளில் சத்தமே இல்லை. அதனால் டீக்கடையில் அவர் பக்கத்தில் உங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடாதீர்கள்.