துண்டு போட்ட இடம்

அண்ணன் சாயாக்கடைக்குள் நுழைந்தால் முன்பெல்லாம் பெஞ்சில் இருப்பவர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அவர் எழுதப்போகிற நாவலில் எப்படி வருவோமோ என்ற பயம். பதினாலு வருஷமாகிவிட்டது. இப்போது யாரும் பழம்பொரியிலிருந்து தலையைக்கூடத் தூக்குவதில்லை.

நாவலின் முதல் வரி இன்னும் வரவில்லை. பாத்திரங்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆளுக்கொரு நோட்டு. வீடு கேரளத்துப் பாறசாலையில் என்றாலும் நோட்டு மட்டும் எல்லை தாண்டிக் களியக்காவிளையில்தான் வாங்குவார். இந்தப் பக்கத்து நோட்டில் தமிழ் ஓடாதாம்.

நோட்டுகளிலேயே தடிமனானது ஒரு ரப்பர் வெட்டுக்காரருடையது. அவர் கத்தி பிடிக்கிற கை, ஒரு நாளைக்கு வெட்டுகிற மரம், சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் முகம் போகிற போக்கு, மச்சினனிடம் வாங்கித் திருப்பித் தராத கடன், எல்லாம் இருக்கிறது. பெயர் இல்லை. பெயர் வைக்க வேண்டுமானால் வீடு எங்கே என்று தெரிய வேண்டும். வீடு இஞ்சிவிளையில், எல்லைக்கு இந்தப் புறமா அந்தப் புறமா? 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இரண்டு சர்க்கார்களும் முடித்துவிட்ட காரியம் அண்ணனின் நோட்டில் இன்னும் தாவாவில் இருக்கிறது. “கணக்கு மலையாளத்தில போடுவாரு, ஏச்சு தமிழ்ல ஏசுவாரு. அதுவரைக்கும் தெளிவு. கனவு எதுல காணுவாருன்னு பிடிபடமாட்டேங்குது மக்கா.”

தொடங்கும்போது வெட்டுக்காரருக்கு வயது நாற்பது. அண்ணன் நேர்மையானவர், வருஷத்துக்கு ஒரு வயது ஏற்றிவிடுகிறார். இந்தச் சித்திரையில் முட்டுவலியும் சேர்ந்திருக்கிறது. இன்னும் ஆறு வருஷம் போனால் முதல் அத்தியாயத்துக்கு முன்பே முதியோர் பென்ஷனுக்கு மனுக் கொடுத்துவிடலாம்.

எழுத்து முட்டிக்கொண்டால் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலுக்குப் போவார். அங்கேதான் அம்மச்சிப்பிலாவு இருக்கிறது. எட்டுவீட்டில் பிள்ளைமாருக்குப் பயந்து மார்த்தாண்டவர்மா ஒளிந்ததாகச் சொல்லப்படுகிற பலாமரப் பொந்து. ராஜாவுக்கு வழிவிட்ட மரம் எனக்கும் விடாதா என்பார். ராஜா ஒளிந்தது வெளியே வருவதற்காக என்று அவரிடம் யார் சொல்வது? சி.வி. ராமன் பிள்ளை 1891-லேயே மார்த்தாண்டவர்மாவை நாவலாக்கிவிட்டாரே என்று ஒருதரம் கேட்டேன். “ராஜாக்களை எழுதுகது எளுப்பம்” என்றார்.

உதாரணம் சொல்லித் திருத்தலாம் என்றும் பார்த்தேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன், தெருவில் போனவர்களையும் வந்தவர்களையுமே ‘கடைத்தெருக் கதைகள்’ ஆக்கினார். பித்தளையும் விற்றார், பாத்திரமும் படைத்தார். “அவருக்குக் கடை இருந்துது” என்றார் அண்ணன். தேங்காய்ப்பட்டணத்து தோப்பில் முகமது மீரான் மலையாளம் படித்து வளர்ந்தவர், தமிழில் எழுதி 1997-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினாரே? “அவருக்குக் கடல் இருந்துது.”

சாயாவுக்குக் காசு நான்தான் கொடுத்தேன். அது பரவாயில்லை.

பரவாயில்லாதது வேறு. நானும் அவ்வப்போது ரெண்டு பக்கம் எழுதுகிறவன். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்காவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பஸ் ஜன்னலில் துண்டு போட்டவர் போல எழுந்தார். “அது எனக்க ஆளு. 2013-லேயே எடுத்து வச்சாச்சு, கேட்டியா?” நோட்டையும் காட்டினார். அக்காவின் சும்மாடு, வெற்றிலைக் கறை, எண்ணாமலே மத்தியை எறிகிற கை. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். போஸ்ட்மேன், சிட்டிக்காரர், கப்பியார், காது கேட்காத எங்கள் பெரியம்மா வரைக்கும் துண்டு விழுந்திருக்கிறது. ஊரில் எழுத ஆளில்லை. எல்லோரும் அண்ணனின் நோட்டில் இடம்பிடித்துக் காலியாகக் கிடக்கிறார்கள்.

போன ஆடியில் சாயாக்கடைக்காரர் இறந்துபோனார். ஒரே வீச்சில் நாலு கிளாஸ் ஆற்றுவார், ஒரு சொட்டுச் சிந்தாது. கடன் கணக்கைச் சுவரில் கரியால் எழுதிவைத்து, கொடுக்க முடியாதவன் பெயரைத் தோள்துண்டால் யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடுவார். அண்ணனின் பெயரை எத்தனை தடவை துடைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து திரும்பும்போது கேட்டேன்.

“அண்ணா, அவரையாவது நான் எழுதட்டுமா?”

அண்ணன் கொஞ்சதூரம் பேசாமல் நடந்தார். கண் கலங்கியிருந்தது.

“பொறு மக்கா. அவரு இன்னும் கொஞ்சம் வளரணும்.”