சரிங்க, சாப்பிடறேனுங்க

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு அது பிறவிக் குணம் என்று சமாளித்துப் பார்த்தேன். ஆனால் என் மனைவியும் இதே மண்தான். அவள் நன்றாகவே சொல்கிறாள். பெருங்குடலில் கட்டி, அறுவை, மூன்றாம் நிலை, கீமோ என்று வரிசையாக வந்தபோது என்னுடைய இந்தக் குணம் முழு வீரியத்துடன் வெளிப்பட்டது.

சரவணம்பட்டியில் ஒருவனுக்குப் புற்றுநோய் என்றால் செய்தி சத்தி ரோட்டிலேயே ஓடி அன்னூர், புளியம்பட்டி தாண்டி சத்தியமங்கலம் போய்ச் சேர்ந்துவிடும். முன்பெல்லாம் நோயாளியைப் பார்க்க வரும் ஒறம்பரை ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டு வருவார்கள். இப்போது பொடி கொண்டு வருகிறார்கள். பெருந்துறை அத்தை வீட்டு மஞ்சள்தூள். மாமா கொண்டு வந்தது முள்சீத்தா இலை. அன்னூர்ச் சித்தப்பா பழைய பூஸ்ட் பாட்டிலில் ஒரு கறுப்புப் பொடி வைத்திருந்தார். அத்தனை பேருக்கும் ஒரே பதில்: "சரிங்க, சாப்பிடறேனுங்க." "வேற ஏதாச்சும் நாட்டு மருந்து எடுக்கறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "இல்லீங்க." அவரும் மனம் நோகக் கூடாதல்லவா.

சித்தப்பாவிடம் மட்டும் கொஞ்சம் வாதாடினேன். "அவங்க குடுக்கறது கெமிக்கலு கண்ணு, இது பச்சிலை" என்றார். கூகுளில் படித்த திமிரில் இருந்தேன். குடல் புற்றுக்குக் கொடுக்கும் இரினோடெக்கான் என்ற மருந்தே மரத்திலிருந்து வந்ததுதான் என்றேன். அதன் மூலப் பொருளான கேம்டோதெசினை 1966-ல் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தார்கள். 1972-ல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அதையே நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றில் கண்டுபிடித்தார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சித்தப்பா அமைதியாகக் கேட்டார். "அப்ப நாலு எலை பறிச்சுட்டு வந்தா ஆச்சு. எதுக்குடா இத்தன காசு?"

இதற்குப் பதில் இருக்கிறது. கேம்டோதெசினை 1970களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிய, சோதனையை நிறுத்தினார்கள். பிறகு அதன் வேதி அமைப்பை மாற்றி, அளவு கண்டு, இரினோடெக்கானாக்கி அமெரிக்காவில் அனுமதி வாங்க 1996 ஆனது. அருமையான பதில். சித்தப்பா பஸ் ஏறி அன்னூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

அடுத்த முறை வேறு வழியில் போனேன். சித்த மருந்து எல்லாமே பச்சிலையா, ரசகந்தி மெழுகில் பாதரசமும் கந்தகமும் இல்லையா என்று மடக்கினேன். எனக்கு நரம்பில் ஏறும் ஆக்ஸாலிபிளாட்டினிலும் பிளாட்டினம் இருக்கிறது என்று நியாயமாகவும் சேர்த்துக்கொண்டேன். "ரெண்டும் ஒண்ணுதாங்கறே. அப்பறம் என்ன, சாப்புடு" என்றார். சாப்பிட்டேன்.

மஞ்சளுக்கு நானே ஆதாரம் தேடிக்கொண்டேன். இங்கிலாந்தின் லெஸ்டரில் குடல் புற்று பரவிய 28 பேரில் ஒரு பகுதியினருக்குக் கீமோவுடன் தினமும் 2 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். தாங்க முடிகிறது என்று 2019-ல் எழுதினார்கள். அந்த ஆய்வின் முதல் வேலையே பாதுகாப்பைப் பார்ப்பதுதான். நான் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டேன். அவர்களுடையது அளந்த கேப்சூல். என்னுடையது அத்தை கையால் குவித்த கரண்டி, கூடவே மிளகு. மிளகிலுள்ள பைப்பரின் குர்குமினை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றும் என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-லேயே காட்டியிருக்கிறார்கள். அதே பைப்பரின், மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்திலும் தலையிடலாம் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

முள்சீத்தாவிலும் இதே கதை. கஷாயத்தைக் குடித்து முடித்த பிறகுதான் படித்தேன்: அதிலுள்ள அன்னோனசின் நரம்பணுக்களுக்கு ஆகாது, கரீபியனில் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் போன்ற ஒரு நோய் அதிகம் தென்பட்டபோது மருத்துவர்கள் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் சந்தேகித்தார்கள். ஆக்ஸாலிபிளாட்டினோ ஏற்கெனவே விரல் நுனியை மரக்கச் செய்வது. ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிப்பது போல் இருந்த நாட்கள் அவை. இப்போது விரல் மரத்தது பிளாட்டினத்தாலா, மாமாவாலா?

எல்லாவற்றிலும் கடைசியாக வந்த கடுக்காய்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. வாந்தி வராமலிருக்கக் கொடுத்த மாத்திரை மலத்தைக் கட்டியது. அம்மா ராத்திரிக்கு ஒரு கரண்டி கடுக்காய்ப் பொடி கொடுத்தாள். கீமோவில் நான் வீட்டில் விழுங்கும் கேப்பசிடபினுக்கோ வயிற்றைக் கழியவைக்கும் குணம் உண்டு. இரண்டும் ஒரே வாரத்தில் சந்தித்தன. நடந்ததை விவரிக்க வேண்டாம். எத்தனை தடவை என்று டாக்டரம்மா கணக்குக் கேட்டார், அதை மட்டும் சொன்னேன். "மாத்திரை ஒத்துக்கலை போல. அளவைக் குறைச்சிடலாம்" என்று எழுதினார். நான், "சரிங்க."

இதில் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. எனக்குச் சோறு போடுவது சாஃப்ட்வேர் டெஸ்டிங். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம்: ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே, எது உடைத்தது என்று தெரியாமல் போகும். என் குடலில் ஐந்தாறை மாற்றி வைத்துவிட்டு, பழியை மருந்தின் மேல் போட்டு, நோயை அடிக்கிற மருந்தையே குறைக்கவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நம்ம ஊரில் இதை ஒழுங்காகச் செய்தும் இருக்கிறார்கள். கோவை ஆரிய வைத்திய பார்மசி வைத்தியர்களும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து, முடக்குவாதம் வந்த 43 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், ஒன்றுக்கு மெத்தோட்ரெக்சேட், மூன்றாவதற்கு இரண்டும். மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து. முடக்குவாதத்துக்கு அளவு குறைவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆனால் அத்தனையும் கணக்கில் இருந்தது. 36 வாரம் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். மூன்று குழுவுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என் மூன்றாவது குழுவில் நான் ஒருவன். கணக்கு மட்டும் யாரிடமும் இல்லை.

மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைப் பிரித்தேன். கேப்பசிடபினை ஒருமுறை குறைத்தால் பிறகு கூட்டக் கூடாது என்று போட்டிருந்தது. வரிசையை விட்டு ஓடிப்போய், வேறொரு நோயாளி உட்கார்ந்திருந்த அறைக்குள் நுழைந்து, "கடுக்காய் சாப்பிட்டேனுங்க" என்றேன். அந்தப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. அளவு குறைத்ததை அடித்தார். வீட்டிலிருப்பது எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். மஞ்சப்பையோடு போனேன். நர்ஸ் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எழுதினார். பூஸ்ட் பாட்டிலுக்குப் பெயர் கேட்டார். தெரியாததால் "சித்தப்பா பொடி" என்றே எழுதிக்கொண்டார். டாக்டரம்மா அங்கேயே ஃபோன் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னென்ன சேர்த்திருக்குன்னு வெளிய சொன்னா மருந்து பலிக்காதுங்" என்றார் சித்தப்பா.

"சொல்லலைன்னா நான் இதைச் சாப்பிட விடமாட்டேனுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அம்மிணிக்கு எந்தூருங்?"

"காங்கேயமுங்க."

காங்கேயத்தில் எங்கே, யார் வீடு என்று பேச்சு நீண்டது. ஒருவழியாகச் சுற்றி வளைத்து ஏதோ ஓர் உறவு கிடைத்துவிட்டது. அதன் பிறகு திப்பிலி வந்தது, சுக்கு வந்தது, சேராங்கொட்டை வந்தது. நர்ஸ் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். "ரசம் ஏதாச்சும் சேர்த்திருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. அன்னூரில் டவர் கிடைக்கவில்லை என்று சித்தப்பா பிறகு சொன்னார்.